ஆளொழிந்த பிரெய்ரி ஊர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் பகுதியின் ஊர்களைப் பற்றிப் பேசுகிறோம்?

வட அமெரிக்காவில் ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் புல்வெளிச் சமவெளியைப் பிரெய்ரி என்கிறார்கள். கனடாவில் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மனிடோபா ஆகிய மூன்று மாகாணங்களின் தென்பகுதியும், அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவிலிருந்து கான்சஸ் வரையிலான மாநிலங்களும் இதில் அடங்கும். 1880களுக்கும் 1920களுக்கும் இடையில் இங்கே ஆயிரக்கணக்கான சிற்றூர்கள் தோன்றின. அவற்றில் ஏராளமானவை இன்று முற்றிலும் ஆளொழிந்தோ, பத்து இருபது பேரை மட்டும் வைத்துக்கொண்டோ இருக்கின்றன. இங்குள்ள பதில்கள் பெரும்பாலும் சஸ்காச்சுவானைச் சார்ந்தவை. இந்த ஊர்கள் எழுந்ததற்கும் சரிந்ததற்குமான காரணங்கள் அங்குதான் மிகத் தெளிவாகத் தெரிகின்றன.

தங்கச் சுரங்கம் வற்றியதும் ஓரிரு ஆண்டுகளில் காலியாகும் ஊர்களோடு இவற்றைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. பிரெய்ரி ஊர்கள் இரண்டு மூன்று தலைமுறைக் காலம் எடுத்துக்கொண்டு, கடைசி வரை ஊரை நிறுத்திவிடலாம் என்று நம்பிய மனிதர்களின் கண்ணெதிரே, மெல்ல மெல்லக் கரைந்தவை.

இத்தனை ஊர்கள் இவ்வளவு நெருக்கமாக ஏன் உருவாயின?

குதிரைதான் காரணம். 1872இல் கனடா இயற்றிய நிலச் சட்டம், 10 டாலர் பதிவுக் கட்டணம் செலுத்தும் குடியேறிக்கு 160 ஏக்கர் நிலம் வழங்கியது. மூன்று ஆண்டுகளுக்குள் வீடு கட்டி, குறிப்பிட்ட அளவு நிலத்தை உழுது, அங்கேயே குடியிருந்தால் பட்டா கிடைக்கும். அமெரிக்கா 1862ஆம் ஆண்டிலேயே இதே போன்ற சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. 1885இல் கனடிய பசிபிக் ரயில் பாதை முடிந்தது. 1896 முதல் 1905 வரை உள்துறை அமைச்சராக இருந்த கிளிஃபோர்ட் சிஃப்டன் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிகளைப் பெருமளவில் வரவழைத்தார். 1901இல் 91,279ஆக இருந்த சஸ்காச்சுவானின் மக்கள்தொகை 1911இல் 4,92,432 ஆயிற்று.

இவர்கள் விளைவித்த கோதுமை ரயிலுக்கு வந்து சேர வேண்டும். குதிரை வண்டியில் ஏறக்குறைய 60 புஷல் (ஒரு புஷல் கோதுமை சுமார் 27 கிலோ) கோதுமையை ஏற்றிக்கொண்டு அதிகாலையில் புறப்பட்ட விவசாயி, அதை இறக்கி, மளிகையும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பியாக வேண்டும். அதற்கு ஏற்ற தொலைவில், அதாவது 12 முதல் 16 கிலோமீட்டருக்கு ஒன்றாக, ரயில் நிறுவனங்கள் நிறுத்தங்களை அமைத்தன. ஒவ்வொரு நிறுத்தமும் ஓர் ஊராயிற்று. ஊர்ப் பெயரைக்கூட நிறுவனங்களே சூட்டின. கிராண்ட் டிரங்க் பசிபிக் நிறுவனம் தன் பாதை நெடுக ஆங்கில அகரவரிசையிலேயே பெயர் வைத்துக்கொண்டு போயிற்று: குவின்டன், ரேமோர், சீமன்ஸ், டேட், உன்டோரா, வென், வாட்ரஸ், ஸீனா, யங், ஸெல்மா. இவற்றுள் வாட்ரஸ் இன்றும் உயிர்ப்புள்ள சிறுநகரம். டேட், ஸீனா போன்றவற்றில் பெயரைத் தவிர அதிகம் மிஞ்சவில்லை.

ஆற்றங்கரை, சந்தை, கோயில், துறைமுகம் என்று ஏதேனும் ஒன்றைச் சுற்றி ஊர் வளர்வதே உலகின் பல பகுதிகளில் வழக்கம். இந்த ஊர்களுக்கோ, ஒரு குதிரை ஒரு நாளில் நடக்கக்கூடிய தொலைவே அடிப்படை. குதிரை போனபோது அந்த அடிப்படையும் போய்விட்டது.

குடியேறிகள் வருவதற்கு முன் அந்த நிலம் ஆளற்றுக் கிடந்ததா?

இல்லை. கிரீ, சோல்டோ, நகோடா, பிளாக்ஃபுட் மக்களும், முதற்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழியில் வந்த மெட்டீ மக்களும் வாழ்ந்த நிலம் அது. கனடிய அரசுக்கும் முதற்குடி மக்களுக்கும் இடையிலான 4ஆம் உடன்படிக்கை 1874இலும், 6ஆம் உடன்படிக்கை 1876இலும், 7ஆம் உடன்படிக்கை 1877இலும் கையெழுத்தாயின. காட்டெருமைக் கூட்டங்கள் அழிந்து பசி சூழ்ந்த காலத்தில், முதற்குடி மக்கள் ஒதுக்கப்பட்ட சிறு நிலங்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். அதன் பிறகே சதுரம் சதுரமாக அளக்கப்பட்ட நிலம் குடியேறிகளுக்குப் பங்கிடப்பட்டது. கைவிடப்பட்ட குடியேறிகளின் வீடுகளுக்காக வருந்துகிறவர்கள், அந்த வீடுகள் எழுவதற்காக ஒரு முறை ஏற்கெனவே காலி செய்யப்பட்ட நிலம் அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த நிலத்தில் மழை போதாது என்று யாருக்கும் தெரியாதா?

தெரியும். 1857 முதல் 1860 வரை அப்பகுதியை ஆராய்ந்த ஜான் பாலிசரின் குழு, இன்றைய தென் ஆல்பர்ட்டாவிலும் தென் சஸ்காச்சுவானிலும் பரந்துள்ள முக்கோண வடிவ நிலப்பரப்பு வேளாண்மைக்கு ஏற்றதல்ல என்று அறிவித்தது. இன்றும் அது பாலிசர் முக்கோணம் என்றே அழைக்கப்படுகிறது. ஆனால் பின்னர் வந்தவர்கள் சில நல்ல மழை ஆண்டுகளைப் பார்த்துவிட்டு அந்த எச்சரிக்கையைப் புறந்தள்ளினார்கள். நிலம் விற்க வேண்டியவர்களுக்கும் ரயிலை நிரப்ப வேண்டியவர்களுக்கும் அது வசதியாகவும் இருந்தது.

ஆல்பர்ட்டாவின் தென்கிழக்கில் இதன் விளைவு முன்னதாகவே தெரிந்தது. மெடிசின் ஹாட் நகருக்கு மேற்கே ரயில் பாதையோரம் கார்ல்ஸ்டாட் என்ற ஊர் எழுந்தது. முதல் உலகப் போரின்போது ஜெர்மன் பெயர் வேண்டாம் என்று அதை ஆல்டர்சன் என மாற்றினார்கள். 1917இல் தொடங்கிய தொடர் வறட்சியில் அந்த வட்டாரத்து விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வெளியேற, உலகம் இன்னும் பொருளாதாரப் பெருமந்தத்தைக் காணாத 1920களிலேயே அந்த ஊர் சரிந்துவிட்டது. ஆல்பர்ட்டா அரசு 1938இல் இயற்றிய சட்டத்தின் கீழ் இப்பகுதி சிறப்புப் பகுதிகளாகத் தனி நிர்வாகத்துக்குள் வந்தது. அந்த ஏற்பாடு இன்றளவும் தொடர்கிறது.

1930களின் புழுதிப் புயல்கள்தான் ஊர்களை அழித்தனவா?

பலரும் அப்படி நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. 1931இல் சஸ்காச்சுவான், ஒன்டாரியோவுக்கும் கியூபெக்குக்கும் அடுத்தபடியாக, கனடாவின் மூன்றாவது பெரிய மக்கள்தொகை கொண்ட மாகாணம். அப்போதுதான் கோதுமை விலை விழுந்தது. சில ஆண்டுகளுக்கு முன் புஷலுக்கு 1 டாலருக்கு மேல் விற்றது, 1932இல் 40 சென்ட்டுக்கும் கீழே போயிற்று. கூடவே மழை பொய்த்தது. உழுது உழுது பொடியாக்கப்பட்ட மேல்மண் காற்றில் பறந்தது. 1937 ஜூலை 5ஆம் தேதி சஸ்காச்சுவானின் மிடேல், யெல்லோ கிராஸ் ஆகிய ஊர்களில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 2021 வரை கனடாவில் பதிவான மிக அதிக வெப்பம் அதுவே. அந்த ஆண்டு மாகாணத்தின் சராசரி கோதுமை விளைச்சல் ஏக்கருக்கு 3 புஷலைக்கூட எட்டவில்லை. வீட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே மரக்காட்டு ஓரங்களுக்குப் போன குடும்பங்கள் ஏராளம்.

ஆயினும் அந்தப் பத்தாண்டில் ஊர்கள் அடிபட்டனவே தவிர, பெரும்பாலானவை சாகவில்லை. பள்ளியும் கடையும் தேவாலயமும் தொடர்ந்து நடந்தன. 1940களில் மழை திரும்பியது, விலை ஏறியது. ஊர்கள் காலியானது அதற்குப் பிறகு, விவசாயம் செழித்த காலத்தில்.

விவசாயம் செழித்தபோது ஊர்கள் ஏன் காலியாக வேண்டும்?

இந்த முழு விஷயத்தின் மையம் இந்தக் கேள்விதான். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் லாரியும் வந்த பிறகு, பத்துக் குடும்பங்கள் பார்த்த நிலத்தை ஒரு குடும்பம் பார்க்க முடிந்தது. பார்க்க முடிந்தது மட்டுமல்ல, இயந்திரத்துக்கு வாங்கிய கடனை அடைக்க அத்தனை நிலத்தையும் பார்த்தே ஆக வேண்டியதாயிற்று. 1936இல் சஸ்காச்சுவானில் சுமார் 1,42,000 பண்ணைகள் இருந்தன, 2021இல் 34,128. தொடக்கத்தில் 160 ஏக்கராக வழங்கப்பட்ட பண்ணையின் சராசரி அளவு இன்று 1,700 ஏக்கருக்கு மேல். பண்ணை விற்றுப் போன ஒவ்வொரு குடும்பத்தோடும், பள்ளியில் நான்கு பிள்ளைகளும் கடையில் ஒரு வாடிக்கையும் தேவாலயத்தில் ஒரு வரிசையும் குறைந்தன.

பிறகு ஒவ்வொரு பொதுச் சேவையாக விலகியது. மாகாணம் முழுவதும் இருந்த சுமார் 5,000 பள்ளி வட்டங்களை 1944இலிருந்து பெரிய அலகுகளாக இணைத்தார்கள். ஓரறைப் பள்ளிகள் மூடப்பட்டுப் பிள்ளைகள் பேருந்தில் அடுத்த ஊருக்குப் போனார்கள். தானியத்துக்கான ரயில் கட்டணத்தை 1897 முதல் தாழ்வாக வைத்திருந்த குரோ கட்டணம் என்ற ஏற்பாடு 1983இன் சட்டத்தால் மாற்றப்பட்டது. அதன் இடத்தில் வந்த மானியமும் 1995 ஆகஸ்ட் 1ஆம் தேதியோடு நின்றது. கிளைப் பாதைகளை வைத்திருக்க ரயில் நிறுவனங்களுக்கு இருந்த காரணம் குறைந்தது, தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1993இல் மாகாண அரசு செலவைக் குறைப்பதற்காக 52 ஊரக மருத்துவமனைகளை மூடியது அல்லது சிறு நலவாழ்வு நிலையங்களாக மாற்றியது. சிற்றூர்களை நகரங்களோடு இணைத்து வந்த அரசுப் பேருந்து நிறுவனம், 1946இல் தொடங்கப்பட்டது, 2017 மே 31ஆம் தேதி சேவையை முடித்துக்கொண்டது. கார் ஓட்ட முடியாத முதியவர் ஒருவருக்கு இதன் பொருள், சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் போக வழியில்லை என்பதே.

இவை ஒவ்வொன்றுக்கும் கணக்குப்படி ஒரு நியாயம் இருந்தது. ஆட்கள் குறைந்ததால் சேவை போயிற்று, சேவை போனதால் இன்னும் ஆட்கள் போனார்கள் என்ற சுற்றை எந்தக் கணக்கும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதே என் மனக்குறை.

அப்படியானால் நிலமும் தரிசாகக் கிடக்கிறதா?

இல்லவே இல்லை. இடிந்த வீட்டின் சுவரை ஒட்டியே உழுது விதைத்திருப்பார்கள். கோதுமையோடு கனோலா என்ற எண்ணெய் வித்தும் பட்டாணியும் பருப்பும் விளைகின்றன. சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் ஆல் ஸ்லிங்கார்ட் உருவாக்கி 1978இல் வெளியிட்ட லெயர்ட் என்ற ரகத்துக்குப் பிறகு பருப்புச் சாகுபடி வேகமாகப் பரவி, இன்று உலகிலேயே மிக அதிகமாகப் பருப்பு ஏற்றுமதி செய்யும் நாடாகக் கனடா விளங்குகிறது; அதில் பெரும்பகுதி சஸ்காச்சுவானுடையது. இந்தியாவும் இலங்கையும் வாங்குகின்ற மைசூர்ப் பருப்பில் ஒரு பங்கு இந்த வயல்களிலிருந்தே வருகிறது. நம் அடுப்பில் வேகும் பருப்பு, ஆளில்லாத ஓர் ஊரின் எல்லையில் விளைந்ததாக இருக்கக்கூடும்.

எலிவேட்டர் என்பது என்ன? அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ரயில் பாதையோரம் தானியத்தைச் சேமித்து வைக்கும் உயரமான மரக் கோபுரத்தை அங்கே எலிவேட்டர் என்கிறார்கள். வண்டியிலிருந்து குழியில் கொட்டப்படும் கோதுமையை, வாளிகள் கோத்த பட்டை ஒன்று உச்சிக்குத் தூக்கிச் சென்று உள்ளறைகளில் பிரித்துக் கொட்டும். பிறகு அது தன் எடையாலேயே ரயில் பெட்டிக்குள் இறங்கும். தானியத்தின் அழுத்தம் சுவரைப் பிளந்துவிடாதபடி, பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து ஆணி அடித்துச் சுவர் எழுப்பினார்கள். வெளித்தகடு பெயர்ந்த எலிவேட்டரின் அருகில் நின்றால், நூற்றுக்கணக்கான பலகைகளின் விளிம்புகள் ஏட்டுச் சுவடிக் கட்டைப் போல அடுக்கடுக்காகத் தெரியும்.

மலையோ மரமோ இல்லாத சமவெளியில் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தே ஊரைக் காட்டிக்கொடுத்தது அதுதான்; ஊர்ப் பெயரும் அதன்மேல்தான் பெரிய எழுத்தில் இருக்கும். 1924இல் விவசாயிகள் கூட்டுறவாகத் தொடங்கிய சஸ்காச்சுவான் கோதுமைக் கூட்டமைப்பு, பெரும் தானிய வணிகர்களைச் சாராமல் தங்கள் சொந்த எலிவேட்டர்களைக் கட்டிக்கொண்டது. 1933இல் மூன்று மாகாணங்களிலும் 5,758 எலிவேட்டர்கள் இருந்தன. நூறு பெட்டிகளுக்கு மேல் ஒரே வீச்சில் நிரப்பும் கான்கிரீட் முனையங்கள் வந்த பின், மர எலிவேட்டர்கள் வேகமாக இடித்துத் தள்ளப்பட்டன. இன்று உரிமம் பெற்று இயங்குபவை சில நூறு மட்டுமே.

அவற்றைக் காப்பாற்ற முடியாதா?

சில இடங்களில் முடிந்திருக்கிறது. மனிடோபாவின் இங்லிஸ் என்ற சிற்றூரில் ஒரே வரிசையில் நிற்கும் ஐந்து எலிவேட்டர்கள் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டுப் பராமரிக்கப்படுகின்றன. சஸ்காச்சுவானின் ஃபிளெமிங்கில் 1895இல் கட்டப்பட்ட எலிவேட்டரையும் ஊர் மக்கள் முயன்று சீரமைத்து வந்தார்கள். 2010இல் யாரோ வைத்த தீயில் அது எரிந்து போயிற்று. உலர்ந்த பழைய மரமும் தானியத் தூசும் சேர்ந்த கட்டடத்துக்குத் தீதான் முதல் எதிரி. காப்பீடு கிடைப்பதும் அரிது.

ஓர் ஊர் சட்டப்படி எப்போது இல்லாமல் போகிறது?

சஸ்காச்சுவானில் ஊர்மன்றத்துக்குப் போட்டியிட ஆள் கிடைக்காதபோதோ, குடிநீர்க் குழாய்களைப் பராமரிக்க வரி போதாதபோதோ, ஊர் தன் தனி நிலையைக் கலைத்துவிடும்படி மாகாண அரசிடம் கோரும். அதன்பின் அது சுற்றியுள்ள ஊரக நகராட்சியோடு சேர்ந்துவிடும். கலைந்த ஊரில் மனிதர்கள் தொடர்ந்து வாழலாம். ஆளே இல்லாத ஊர் வரைபடத்திலும் நீடிக்கலாம்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு நெப்ராஸ்கா மாநிலத்தின் மொனோவை. 1930களில் சுமார் 150 பேர் இருந்த அந்த ஊரின் மக்கள்தொகை 2010 கணக்கெடுப்பில் 1. அந்த ஒரே பெண்மணி ஊர்த்தலைவராகவும் எழுத்தராகவும் பொருளாளராகவும் இருந்து, தன் மதுக்கடைக்குத் தானே உரிமம் வழங்கி, மறைந்த கணவர் சேர்த்த புத்தகங்களைக் கொண்டு ஒரு நூலகத்தையும் நடத்தி வந்தார். உலகச் செய்திகள் இதை விந்தையாகக் காட்டின. ஆண்டுதோறும் படிவங்களை நிரப்பி ஓர் ஊரைச் சட்டத்தின் முன் உயிரோடு வைத்திருந்த உழைப்பாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

இன்று அங்கே போனால் எதைக் காணலாம்?

முதலில் செடிகளைத்தான். வீடு முற்றிலும் மறைந்த இடத்திலும் கரகானா வேலி நேர்கோடாக நிற்கும்; அதன் நடுவே லைலாக் புதரும் ருபார்ப் தண்டுகளும் நட்டவர்கள் போன பின்னும் ஆண்டுதோறும் துளிர்க்கும். இந்தியன் ஹெட் என்ற ஊரிலிருந்த அரசு நாற்றங்கால், காற்றைத் தடுக்க விவசாயிகளுக்கு இலவசமாக மரக்கன்றுகளை அனுப்பி வந்தது. 2013 வரை கோடிக்கணக்கான கன்றுகள் அங்கிருந்து போயின. வெட்டவெளியில் சதுரமாக மரவரிசை தெரிந்தால், உள்ளே ஒரு காலத்தில் வீடு இருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

முதன்மைத் தெருவில் கட்டடத்தைப் பெரிதாகக் காட்ட முன்னால் அகன்ற பொய்முகப்பு வைத்த கடைகள், தகரக் கூரை போட்ட பனிச்சறுக்குக் கூடம், உக்ரேனியர் குடியேறிய வட்டாரமானால் வெங்காய வடிவக் குவிமாடம் கொண்ட தேவாலயம், இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் பெயர் செதுக்கிய நினைவுக்கல் ஆகியவை இருக்கும். அந்தக் கல்லிலுள்ள பெயர்களைவிடக் குறைவானவர்களே இன்று வாழும் ஊர்களும் உண்டு.

சீன உணவகத்தின் எச்சத்தையும் தேடிப் பாருங்கள். ஏறக்குறைய ஒவ்வொரு பிரெய்ரி ஊரிலும் ஒன்று இருந்தது. 1903 முதல் கனடாவுக்குள் குடியேற வரும் சீனர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஆளுக்கு 500 டாலர் தலைவரி கட்ட வேண்டியிருந்தது. 1923 முதல் 1947 வரை அவர்கள் வருவதே ஏறத்தாழ முற்றிலும் தடுக்கப்பட்டிருந்தது. மனைவி மக்களைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு, வேறு சீனர் எவரும் இல்லாத ஊரில், கடை மாடியில் பல்லாண்டுகள் தனியே வாழ்ந்து அந்த ஊருக்கே சோறு போட்டவர்கள் அவர்கள்.

காலியாகக் கிடக்கும் வீட்டுக்குள் நுழையலாமா?

உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கூடாது. கைவிடப்பட்டது போல் தோன்றும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் உரிமையாளர் உண்டு. சஸ்காச்சுவானில் 2022 ஜனவரி 1 முதல் ஊரக நிலத்துக்குள் நுழைய முன்கூட்டியே அனுமதி பெறுவது சட்டப்படி கட்டாயம். அனுமதி கிடைத்தாலும் தரைப்பலகை உளுத்திருக்கும். புல் மூடிய பழைய கிணறுகளும் நிலவறைக் குழிகளும் கண்ணுக்குத் தெரியாது. மான் எலிகளின் எச்சம் கலந்த தூசை மூச்சில் இழுத்தால் ஹண்டா வைரஸ் தொற்றக்கூடும். அரிதானாலும் உயிரைப் பறிக்கும் நோய் அது. மழை பெய்த மண்சாலையில் காரை இறக்க வேண்டாம். அந்தக் களிமண் சக்கரத்தைப் பற்றிக்கொண்டால், உதவிக்கு அழைக்கக் கைப்பேசிச் சமிக்ஞை இல்லாத இடங்கள் பல.

இந்த ஊர்கள் மீளுமா?

பெரும்பாலானவை மீளாது. 1987இல் ஃபிராங்க் பாப்பர், டெபோரா பாப்பர் என்ற ஆய்வாளர் இணையர், அமெரிக்கச் சமவெளியின் வறண்ட பகுதிகளைக் காட்டெருமைகள் உலவும் பொதுவெளியாக மாற்றலாம் என்று முன்மொழிந்தபோது அங்குள்ளவர்கள் கடுமையாகக் கொதித்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. சில ஊர்கள் கிட்டத்தட்ட இலவசமாக மனை கொடுத்துப் பார்க்கின்றன. மனிடோபாவின் பைப்ஸ்டோன் வட்டாரத்தில் 10 டாலருக்குக் கொடுத்தார்கள். ஆல்பர்ட்டாவின் ரௌலியில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே வாழ்ந்தாலும், மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை பீட்சா இரவு நடத்தி, சுற்றுவட்டார மக்களைத் திரட்டி, அந்தப் பணத்தில் பழைய கட்டடங்களைப் பராமரித்து வந்தார்கள். வடக்கு டகோட்டாவில் எண்ணெய் வளம் சில ஊர்களை நிரப்பியது.

குடியேறிகளின் ஊர்கள் சுருங்கிக்கொண்டிருக்கும் அதே சமவெளியில், முதற்குடி மக்களின் சமூகங்கள் இளமையாகவும் வளர்ந்துகொண்டும் இருக்கின்றன. பிரெய்ரியின் எதிர்காலத்தைப் பேசும்போது பெரும்பாலும் விட்டுப்போகும் செய்தி இது.

ஓர் ஊரின் வரலாற்றை அறிய எங்கே தொடங்குவது?

1980இல் சஸ்காச்சுவான் தன் 75ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது, நூற்றுக்கணக்கான சிற்றூர்கள் தங்கள் குடும்பங்களின் வரலாற்றைத் தாங்களே எழுதித் தொகுத்து அச்சிட்டன. பெரும்பாலும் பெண்கள் வீடு வீடாகச் சென்று திரட்டிய இந்தத் தடித்த நூல்களை ரெஜைனா, சஸ்காட்டூன் நகர நூலகங்களில் பார்க்கலாம். குடியேறிகளின் நில விண்ணப்பக் கோப்புகள் மாகாண ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எத்தனை ஏக்கர் உழுதார், எத்தனை மாடு வைத்திருந்தார், வீடு எந்த அளவில் கட்டினார் என்பதெல்லாம் அவரவர் கையொப்பத்தோடு அவற்றில் இருக்கும். நிலத்தின் அளவை எண் தெரிந்தால் கோப்பைத் தேடுவது எளிது. ஆகவே முதலில் அந்த வட்டாரத்தின் பழைய நில உரிமை வரைபடத்தை வாங்கிப் பாருங்கள்.